விகர்ணன் எழுந்து நின்ற சபை
கிரேக்க அறவியலின் தோற்றம் குறித்து மட்டக்களப்பிலிருந்து ஒரு வாசிப்பு

1

களுவாஞ்சிகுடியிலிருந்து பட்டிருப்புப் பாலத்தைக் கடந்தால் படுவான்கரை தொடங்குகிறது. போரதீவுப்பற்றின் வயல்களுக்கும் வாவிக்கும் நடுவே அமைந்த பழைய ஊர்களுள் ஒன்று பழுகாமம். அவ்வூர்த் திரௌபதை அம்மன் கோயிலில் பாரதக் கதை ஆண்டுதோறும் சடங்காக நிகழ்த்தப்பட்டுத் தீமிதிப்போடு நிறைவெய்துகிறது. அந்தப் பகுதி வடமோடிக் கூத்துகளுக்கும் பேர்போனது. பாரதப் போரின் வீரர்கள் சதங்கை கட்டி, மத்தளத்துக்கு ஆடி, விடியும் வரை களரியில் நின்ற மண் அது.

எனது வாப்பா நெல் வாங்கப் படுவான்கரைக்குப் போய்வந்த மனிதர். கணக்கு முடிய இரவாகிவிட்டால் களரியின் ஓரத்தில் சாக்கை விரித்துக் கூத்துப் பார்த்துவிட்டு விடியத் திரும்புவார். அவருக்கு உவப்பானவன் கர்ணன். "உப்புத் திண்ட ஊட்ட மறக்காதவன் மனே" என்பார். கர்ணன் விழும் இடத்தைச் சொல்லும்போது அவர் குரல் தளர்ந்துவிடும். பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையில் 1962இல் வடமோடி மரபில் மேடையேற்றியதும் 'கர்ணன் போர்' என்பது இங்கு நினைவுகூரத்தக்கது. செஞ்சோற்றுக் கடன் தீர்த்தவன் என்ற அந்த உருவம் எங்கள் மாகாணத்துக்கு மிக நெருக்கமானது.

பல ஆண்டுகளின் பின்னர் வியாச பாரதத்தின் சபா பருவத்தை மொழிபெயர்ப்பில் வாசித்தபோது எனக்கு ஓர் அதிர்ச்சி ஏற்பட்டது. சூதாட்ட சபையில் பாஞ்சாலி ஒரு கேள்வியை எழுப்புகிறாள். தருமன் முதலில் தன்னைத் தோற்றானா, என்னைத் தோற்றானா? தன்னையே இழந்து அடிமையாகிவிட்டவன் இன்னொருவரைப் பணயம் வைக்க உரிமையுடையவனா? வீட்டுமர் தருமத்தின் போக்கு நுண்மையானது என்று சொல்லி ஒதுங்கிக்கொள்கிறார். பெரியவர்கள் தலைகுனிந்திருக்கிறார்கள். அப்போது எழுந்து நின்று அவள் வெல்லப்படவில்லை என்று சொல்பவன் ஒருவனே. அவன் விகர்ணன், துரியோதனனின் சொந்தத் தம்பி. அவனைச் சிறுவன் என்று இகழ்ந்து அடக்கி உட்கார வைப்பவன் யார் தெரியுமா? வாப்பாவின் கர்ணன். அத்தோடு நில்லாமல், அவளது ஆடையைக் களையுமாறு சொல்பவனும் அவனே.

இதை வாப்பாவிடம் சொல்ல அவர் இருக்கவில்லை. ஆயினும் ஒரு கேள்வி என்னைத் தொடர்ந்து வந்தது. நன்றி மறவாமை ஓர் அறம் என்றால், அந்த அறமே எப்படி ஒரு பெரும் அநீதியின் துணையாகிவிடுகிறது? இந்தக் கேள்விக்கு விடை தேடப் போனபோதுதான் கிரேக்கரின் அறவியல் எங்கிருந்து பிறந்தது என்பது எனக்கு ஓரளவு விளங்கிற்று.

நமது இலக்கியக் கூட்டங்களில் இத்தகைய பேச்சு வந்தால் வழமையாக இரண்டு குரல்கள் எழுவதுண்டு. அறத்தைப் பற்றிச் சிந்திக்க உலகுக்குக் கற்றுக்கொடுத்தவர் கிரேக்கரே என்பது ஒன்று. அவர்களுக்கு முன்பே எல்லாம் நம்மிடம் இருந்தது என்பது மற்றையது. முதலாவது தாழ்வுச் சிக்கல். இரண்டாவது அதன் மறுபக்கம். இரண்டுமே விசாரணையைத் தொடங்குமுன் முடித்துவிடுகின்றன. அறம் எல்லா மக்களிடமும் இருந்தது. கிரேக்கரிடம் தொடங்கியது அறம் பற்றிய ஒருவகைக் கேள்வி. அந்தக் கேள்வி எது, அது ஏன் அப்போது எழுந்தது என்பதே நாம் நோக்க வேண்டியது.

2

ஹோமரின் காவியங்களில் 'அரெத்தே' என்றொரு சொல் உண்டு. பிற்காலத்தில் அதை நற்பண்பு, அறப்பண்பு என்றெல்லாம் பெயர்த்தனர். ஆனால் ஹோமரிடம் அதற்குச் சிறப்பு, திறன் என்பதே பொருள். வேகமாக ஓடும் குதிரைக்கும் அரெத்தே உண்டு. வீரனின் அரெத்தே போரில் முன்னிற்பது, தன்னவரைக் காப்பது, எதிரியைச் சாய்ப்பது. அதற்குக் கைம்மாறாகச் சமூகம் அவனுக்குத் தருவது 'திமே', அதாவது மதிப்பு. 'இலியாத்' காவியம் தொடங்குவதே அந்த மதிப்புக்கு ஊறு நேர்ந்ததால்தான். அக்கிலிஸுக்குப் போர்ப் பரிசாகக் கிடைத்த பெண்ணை அகமெம்னன் பறித்துக்கொள்கிறான். அவமதிக்கப்பட்டவன் போரிலிருந்து விலகுகிறான். அந்தப் பெண்ணின் விருப்பம் என்ன என்பது அங்கே ஒரு வினாவாகவே எழவில்லை என்பது கவனிக்கத்தக்கது.

இந்த உலகம் தமிழ் வாசகனுக்கு அந்நியமானதன்று. பேராசிரியர் க. கைலாசபதி பேர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் கிரேக்கப் பேராசிரியர் ஜோர்ஜ் தொம்சனின் வழிகாட்டலில் செய்த ஆய்வு 1968இல் ஒக்ஸ்போர்டில் தமிழ் வீரயுகப் பாடல்கள் பற்றிய நூலாக வெளிவந்தது. சங்கப் புறப்பாடல்களை ஹோமரின் காவியங்களோடும் பிற வீரயுகப் பாடல்களோடும் ஒப்புநோக்கிய நூல் அது. அதே தொம்சனிடம் பயின்ற பேராசிரியர் கா. சிவத்தம்பி பண்டைத் தமிழர் சமூகத்தின் நாடகம் பற்றிய தமது ஆய்வில் கிரேக்க நாடகத்தின் தோற்றத்தோடு வைத்து நம் மரபை நோக்கினார். அது 1981இல் நூலாயிற்று. கிரேக்கரையும் தமிழரையும் பெருமைக்காக அன்றி, சமூக வளர்ச்சியின் விதிகளை அறிவதற்காக ஒப்பிட வேண்டும் என்று நமக்குக் கற்பித்தவர்கள் இவர்கள் இருவருமே.

புறப்பாடல்களின் வீரனும் புகழுக்காக உயிரைக் கொடுப்பவன். பழியென்றால் உலகையே தந்தாலும் ஏற்காதவன். சோறிட்ட தலைவனுக்காக விழுபவன். கர்ணன் இந்த வகையைச் சேர்ந்தவன். வீரயுகத்தின் அறத்தை ஒரே வாக்கியத்தில் சுருக்குவதாயின், நண்பனுக்கு நன்மை செய், பகைவனுக்குத் தீமை செய் என்று சுருக்கலாம். கிரேக்கரிடையே இது ஏறத்தாழப் பழமொழி போலவே வழங்கிற்று. அது கொடியவர்களின் கொள்கை அன்று. நல்லவன் எனப்பட்டவனின் இலக்கணமே அதுதான்.

3

இந்த இலக்கணம் ஒரே நாளில் உடையவில்லை. ஹோமரிடமே அதில் கீறல் விழுந்துவிட்டது. கோழைக்கும் வீரனுக்கும் ஒரே மதிப்புத்தான் என்றால் நான் எதற்காகப் போரிட வேண்டும் என்று அக்கிலிஸ் ஒன்பதாம் படலத்தில் கேட்கிறான். இறுதிப் படலத்தில் தன் மகனைக் கொன்றவனின் கூடாரத்துக்கே முதியவன் பிரியாம் வந்து உடலைக் கேட்கிறான். கொன்றவனும் இழந்தவனும் ஒன்றாக அமர்ந்து அழுகிறார்கள். பகைவனுக்குத் தீமை என்ற விதிக்குள் அந்த அழுகைக்கு இடமில்லை.

கி.மு. 700 அளவில் ஹெசியொட் என்ற உழவர் கவிஞர், கைக்கூலி வாங்கித் தீர்ப்பு வழங்கும் தலைவர்களைச் சாடி நீதியைப் பேசினார். கி.மு. 594இல் ஏதென்ஸில் சோலன் கடன்களை நீக்கி, கடனுக்காக மனிதரை அடிமையாக்கும் வழக்கத்தை ஒழித்தார். கி.மு. 472இல் ஈஸ்கிலஸ் 'பாரசீகர்' என்ற நாடகத்தை அரங்கேற்றினார். சலாமிஸ் கடற்போரில் ஏதென்ஸ் பாரசீகரை வென்று எட்டு ஆண்டுகளே கழிந்திருந்தன. வென்ற நகரத்தின் அரங்கில், வென்றவர்கள் பார்த்திருக்க, மேடையில் புலம்பியவள் தோற்ற மன்னனின் தாய். அதை எழுதியவர் பாரசீகருக்கு எதிராக மரதனில் வாளேந்தியவர். இத்தகைய ஒரு நாடகம் தோன்றிய பிறகுதான் இத்தகைய ஒரு தத்துவம் தோன்ற முடியும் என்று எனக்குத் தோன்றுகிறது.

பின்னர் வந்தது கி.மு. 431 முதல் 404 வரையிலான பெலப்பனீசியப் போர். அதன் வரலாற்றை எழுதிய துசிடிடீஸ், கி.மு. 427இல் கொர்சைரா என்ற தீவில் நடந்த உள்நாட்டுக் கொலைகளை விவரிக்கும் இடத்தில் சொற்களுக்கு நேர்ந்த கதியைக் கூறுகிறார். யோசியாத துணிச்சல் வீரமெனப்பட்டது. நிதானம் கோழைத்தனத்தின் முகமூடி எனப்பட்டது. இரு பக்கமும் சேராதவர்கள் இரு பக்கத்தாராலும் அழிக்கப்பட்டார்கள். இந்தப் பக்கங்களை வாசிக்கும் கிழக்கு மாகாணத்தவர் எவரும் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் சற்று நேரம் வெளியே பார்க்காமல் இருக்க முடியாது.

கி.மு. 416இல் ஏதென்ஸ் மீலொஸ் என்ற சிறு தீவைப் பணியவைத்து, ஆண்களைக் கொன்று, பெண்களையும் பிள்ளைகளையும் அடிமைகளாக்கியது. வலியவன் முடிந்ததைச் செய்வான், எளியவன் பட்டே தீர வேண்டும் என்பதுதான் ஏதென்ஸின் தூதுவர்கள் முன்வைத்த வாதமென துசிடிடீஸ் எழுதுகிறார். அதே காலத்தில் சோபிஸ்டுகள் எனப்பட்ட ஆசிரியர்கள் கூலி பெற்று நாவன்மை கற்பித்தனர். நீதி என்பது இயற்கையா, ஊர் வழக்கமா என்ற வாதம் இளைஞர்களிடையே பரவிற்று. பழைய சொற்கள் புழக்கத்தில் இருந்தன. அவற்றின் பொருள்தான் கரைந்துவிட்டது. அறவியல் பிறந்த தருணம் இதுவே.

தொம்சன் தமது 'முதல் தத்துவஞானிகள்' என்ற நூலில் கிரேக்கரின் அருவச் சிந்தனையை நாணயப் பொருளாதாரத்தின் எழுச்சியோடு இணைத்து விளக்கினார். இவ்விளக்கத்தின் வலிமையை மறுப்பதற்கில்லை. நகரம், சந்தை, எழுதப்பட்ட சட்டம், நூற்றுக்கணக்கானோர் கூடித் தீர்ப்பளிக்கும் மன்றம், அரங்கம் ஆகியன இல்லாமல் இந்த விவாதம் எழுந்திராது. ஆனால் அந்த வழியில் நாம் ஓரிடத்தில் நின்றுவிட்டோம் என்பது எனது தாழ்மையான அபிப்பிராயம். ஒரு கேள்வி ஏன் அந்தக் காலத்தில் எழுந்தது என்பதைச் சமூக வரலாறு சொல்லும். அதற்கு எந்த விடை சரி என்பதை அது சொல்லாது. வலியவனின் நலனே நீதி என்ற திரசிமாக்கஸும் அதை மறுத்த சோக்கிரட்டீஸும் ஒரே நகரத்தின் ஒரே சந்தையில் நடமாடியவர்கள். அவர்களில் ஒருவரைத் தெரிந்தெடுக்க வேண்டிய பொறுப்பு வாசகனுடையதாகவே எஞ்சுகிறது.

4

சோக்கிரட்டீஸ் நூல் எழுதியவரல்லர். அவர் செய்தது ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டதுதான். இது வீரமா என்று மற்றவர்கள் கேட்டார்கள். வீரம் என்றால் என்ன என்று அவர் கேட்டார். பிளேட்டோவின் 'லாக்கெஸ்' உரையாடலில் இரண்டு படைத்தலைவர்களிடமே அவர் இதைக் கேட்கிறார். அணியில் நிலைத்து நிற்பது வீரம் என்கிறார் ஒருவர். பின்வாங்கிப் போரிடுபவனிடம் வீரம் இல்லையா? நோயிலும் வறுமையிலும் தளராதவனிடம் இல்லையா? வீரத்தையே தொழிலாகக் கொண்டவர்களுக்கு அதன் பொருள் தெரியவில்லை என்பது மெல்ல வெளிப்படுகிறது. கேட்பவர் போரைத் தூரத்திலிருந்து பார்த்தவரும் அல்லர். மூன்று போர்க்களங்களில் நின்றவர்.

'குடியரசு' நூலின் முதற்பகுதி நமது விடயத்தின் மையம். துறைமுகமான பிரேயஸில் கெபலஸ் என்பவரின் வீட்டில் உரையாடல் நடக்கிறது. சிரக்யூசிலிருந்து வந்து குடியேறிய குடும்பம் அது. அவர்களிடம் கேடயம் செய்யும் பட்டறை இருந்தது, செல்வம் இருந்தது, குடியுரிமை இல்லை. கெபலஸின் மகன் பொலிமார்க்கஸ் நீதிக்கு இலக்கணம் கூறுகிறான்: நண்பனுக்கு நன்மையும் பகைவனுக்குத் தீமையும் செய்வது. சோக்கிரட்டீஸ் கேட்கிறார். நண்பன் யார், பகைவன் யார் என்பதில் நாம் தவறுவதில்லையா? தீமை செய்யப்பட்ட குதிரை நல்ல குதிரையாகுமா? தீமை செய்யப்பட்ட மனிதன் மனிதத் தன்மையில் தாழ்ந்துபோகிறானே, நீதியின் தொழில் மனிதரை நீதியற்றவராக்குவதா? ஆகவே யாருக்கும் தீங்கிழைப்பது நீதிமானின் செயல் அன்று. 'கிரிட்டோ'விலும் சிறையிலிருந்தபடி அவர் இதையே வற்புறுத்துகிறார்: நமக்கு அநீதி செய்தவருக்கும் பதிலுக்கு அநீதி செய்யலாகாது.

வீரயுகத்தின் இலக்கணம் இங்கேதான் வாதத்தின் மூலம் உடைகிறது. மன்னிப்பு அழகானது என்று இரங்கிக் கேட்காமல், உன் இலக்கணம் தன்னுள்ளேயே முரண்படுகிறது என்று காட்டியதில் இருக்கிறது கிரேக்க அறவியலின் புதுமை.

பிளேட்டோவின் முதல் வாசகர்களுக்கு நாம் எளிதில் தவறவிடும் ஒரு செய்தி தெரிந்திருந்தது. கி.மு. 404இல் அதிகாரத்தைப் பிடித்த முப்பதின்மர் குழு, அந்தக் குடும்பத்தின் செல்வத்துக்காகப் பொலிமார்க்கஸைப் பிடித்து, விசாரணை எதுவுமின்றி நஞ்சு குடிக்க வைத்துக் கொன்றது. அவனது சகோதரர் லிசியாஸ் தப்பிப் பிழைத்து அதை நீதிமன்ற உரையாக எழுதி வைத்தார். பகைவனுக்குத் தீமை செய்வதே நீதி என்று சொன்ன இளைஞனை, பகைவர் பட்டியலில் ஒரு நாள் அவன் பெயரே வந்து கொன்றது.

சோக்கிரட்டீஸின் வாழ்வும் இந்த வாதத்தோடு சேர்த்தே வாசிக்கப்பட வேண்டும். கி.மு. 406இல் கடற்படைத் தளபதிகளை ஒரே தீர்ப்பில் கூட்டாகத் தண்டிக்க மக்கள் மன்றம் ஆவேசப்பட்டபோது, அது சட்டத்துக்கு மாறானது என்று எதிர்த்து நின்றார். இரண்டு ஆண்டுகளின் பின் முப்பதின்மர் அவரையும் வேறு நால்வரையும் அழைத்து, சலாமிஸைச் சேர்ந்த லியோன் என்பவரைக் கொலைக்காகப் பிடித்துவருமாறு பணித்தனர். நால்வரும் போனார்கள். அவர் வீட்டுக்குப் போய்விட்டார். ஒரு முறை மக்களாட்சியை எதிர்த்தார், ஒரு முறை கொடுங்கோன்மையை மறுத்தார். இரண்டு தடவையும் தன் நகரத்துக்கே மறுப்புச் சொன்னார். கி.மு. 399இல் மீண்டும் மலர்ந்த மக்களாட்சிதான் அவருக்கு நஞ்சு கொடுத்தது.

5

இப்போது விகர்ணனிடம் திரும்பி வரலாம். அவனையும் சோக்கிரட்டீஸையும் ஒன்றாக்கிவிடுவது எனது நோக்கமன்று, வேறுபாடும் முக்கியமானது. விகர்ணனின் வாதம் ஒரு வழக்கறிஞனின் வாதம் போன்றது. சூது மன்னரைப் பிடிக்கும் தீய பழக்கங்களுள் ஒன்று, அதில் மூழ்கியவனின் செயல் செல்லாது. அவள் ஐவருக்கும் பொதுவானவள். தருமன் தன்னை முன்னரே இழந்துவிட்டான். பணயம் வைக்கத் தூண்டியவன் சகுனி. இவை அந்த வழக்குக்கு மட்டும் உரிய நியாயங்கள். இது நீதியா என்று அவன் கேட்டான். நீதி என்றால் என்ன என்று கேட்கவில்லை. அந்த இரண்டாவது கேள்வியைத் தனியே எடுத்து, வழக்குகளிலிருந்து பிரித்து, ஒரு துறையாக வளர்த்தது கிரேக்கரின் பங்களிப்பு. இதை ஒப்புக்கொள்வதில் நமக்கு இழுக்கில்லை.

ஆனால் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். ஏதென்ஸின் உரையாடல்கள் சுதந்திரமுள்ள ஆண்களின் உரையாடல்கள். கேடயப் பட்டறையில் உழைத்த அடிமைகள் அந்த வீட்டு விவாதத்தில் அமரவில்லை. பெரிய அறவியலாளரான அரிஸ்டோட்டில், இயற்கையிலேயே அடிமைகளான மனிதர் உண்டென்று வாதாடினார். பெண்ணின் அறக்கேள்வி ஏதென்ஸில் முழுக் குரலில் ஒலித்தது நாடக அரங்கில்தான். அன்டிகனியும் மெடியாவும் அங்கே பேசினார்கள். மீலொஸ் அழிக்கப்பட்ட மறு ஆண்டு, கி.மு. 415இல், யூரிப்பிடிஸ் அடிமைகளாக்கப்பட்ட ட்ரோய் நகரத்துப் பெண்களை அரங்கில் அழவைத்தார். அப்பாத்திரங்களையும் ஆண்களே நடித்தனர், நமது பழைய களரிகளில் பெண் வேடத்தை ஆண்களே தரித்தது போல.

பாஞ்சாலியின் கேள்வி இந்த இடத்தில் தனித்து நிற்கிறது. அடிமையாக்கப்படும் கணத்தில், அடிமையாக்கப்படுபவளே, அடிமைத்தனத்தின் சட்டத்தையே எடுத்து அதன் முரணைக் காட்டுகிறாள். சபை விடை சொல்லவில்லை. விடை கிடைக்காத கேள்வி ஒரு கோயிலாகவும் சடங்காகவும் ஆகி, ஆண்டுக்கு ஆண்டு பழுகாமத்தில் திரும்ப வருகிறது. அதைத் தத்துவம் என்று நான் சொல்லமாட்டேன். தத்துவத்துக்கு வித்தாகக்கூடிய ஒன்றை மறக்கவிடாமல் ஒரு சமூகம் காத்து வைத்திருக்கிறது என்று சொல்வேன். தமிழில் குறள் 'இன்னாசெய்யாமை' என்று ஓர் அதிகாரமே வகுத்து, தீங்கு செய்தவருக்கும் தீங்கு செய்யலாகாது என்ற இடத்துக்கு வந்து சேர்ந்திருப்பதையும் இங்கே சேர்த்து நோக்க வேண்டும். புறப்பாடல்களின் வீரனுக்கும் குறளின் சான்றோனுக்கும் இடையில் நடந்தது எதுவோ, அது ஹோமருக்கும் சோக்கிரட்டீஸுக்கும் இடையில் நடந்ததன் உறவினம். கைலாசபதியின் ஒப்பீட்டை இந்தத் திசையில் நீட்டுவது இனி வரும் ஆய்வாளரின் கடன்.

6

இந்தக் கதையில் நமது சமூகத்துக்கு நேரடிப் பங்கு ஒன்றுண்டு. சுக்ராத், அப்லாதூன், அரிஸ்தூ என்ற பெயர்களில் இவர்கள் அரபு மொழிக்குள் வந்து ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகிறது. ஒன்பதாம் நூற்றாண்டிலேயே அல்-கிந்தி சோக்கிரட்டீஸின் வாக்குகளைத் தொகுத்தார். அரிஸ்டோட்டிலின் அறவியல் நூல் அரபுக்குப் பெயர்ந்தது. 1030இல் மறைந்த மிஸ்கவைஹ் எழுதிய 'தஹ்தீபுல் அக்லாக்' கிரேக்க அறவியலை உள்வாங்கிய முக்கிய நூல். இமாம் கஸ்ஸாலி அவர்கள் 'இஹ்யா'வில் உளப்பயிற்சி பற்றியும் குழந்தை வளர்ப்புப் பற்றியும் எழுதிய பகுதிகளில் மிஸ்கவைஹின் தடம் தெரிகிறது. கிரேக்கத்தில் அறவியலுக்குரிய சொல் பழக்கம் என்ற சொல்லோடு உறவுடையது என்று அரிஸ்டோட்டில் காட்டினார். அரபியில் 'அக்லாக்' என்பது படைப்பைக் குறிக்கும் வேரிலிருந்து வருகிறது. நமது 'ஒழுக்கம்' ஒழுகுவதிலிருந்து வருகிறது. ஒன்று பழக்கத்தையும், ஒன்று படைப்பையும், ஒன்று நீரோட்டத்தையும் நினைவூட்டுகிறது. மூன்றும் சேரும்போதுதான் பொருள் நிறைவதாக எனக்குப் படும்.

'யூதிப்ரோ' உரையாடலில் சோக்கிரட்டீஸ் கேட்ட கேள்வி, நன்மை கட்டளையிடப்பட்டதால் நன்மையா, நன்மை என்பதால் கட்டளையிடப்பட்டதா என்பதற்கு மிக நெருக்கமானது. முஃதஸிலாக்களும் அஷ்அரிய்யாக்களும் நூற்றாண்டுக் கணக்கில் வாதாடியது இதைத்தான். நமது மத்ரஸாக்களில் அகீதாவின் ஒரு பாடமாக மனனம் செய்யப்படுவது ஒரு காலத்தில் உயிருள்ள கேள்வியாக இருந்தது என்பதை நாம் மறந்துவிட்டோம்.

இதைவிட நெருக்கமான ஒன்றும் உண்டு. உன் சகோதரனுக்கு உதவு, அவன் அநீதி செய்பவனாயினும் அநீதிக்குள்ளானவனாயினும் சரி, என்ற கூற்று இஸ்லாத்துக்கு முந்திய அரபியரிடையே வழங்கியது என்று உரைகாரர்கள் குறிப்பிடுவர். குலத்தான் எது செய்தாலும் துணைநில் என்பதே அதன் பொருள். அதாவது கர்ணனின் அறம், பொலிமார்க்கஸின் அறம். நபி (ஸல்) அவர்கள் அதே சொற்களைச் சொன்னபோது, அநீதி செய்பவனுக்கு எப்படி உதவுவது என்று தோழர்கள் கேட்டார்கள். அவனை அநீதியிலிருந்து தடுப்பதே அவனுக்குச் செய்யும் உதவி என்ற விளக்கம் கிடைத்தது. சொல் மாறவில்லை, பொருள் தலைகீழாயிற்று. பழைய சொல்லின் பொருளைத் திருப்பிக் கேட்பதுதான் அறவியலின் பிறப்பு என்றால், அது ஏதென்ஸில் மட்டும் நிகழ்ந்ததல்ல.

இந்த விளக்கத்தின்படி பார்த்தால் துரியோதனனுக்கு உதவியவன் யார்? உயிரைக் கொடுத்த கர்ணனா, எழுந்து நின்ற தம்பியா?

7

இதை இப்போது எழுத வேண்டிய தேவை என்ன என்று வாசகர் கேட்கலாம். வாவியின் இரு கரைகளும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருப்பவை. தமிழரும் முஸ்லிம்களும் தாய்வழிக் குடிமுறையைப் பகிர்ந்துகொண்ட மண் இது. அந்த மண்ணில் 1990 ஒகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் கொல்லப்பட்டார்கள். அடுத்த மாதம் 9ஆம் திகதி சத்துருக்கொண்டானில் தமிழ்க் கிராமத்தவர்கள், குழந்தைகள் உட்படக் கொல்லப்பட்டார்கள். அந்தக் காலத்தின் நமது கவிதைகளையும் கதைகளையும் எடுத்து வாசித்தால், ஒவ்வொரு கரையும் தன் இழப்பைத் தன் மொழியில் அழுததைக் காணலாம். அது செய்யப்பட வேண்டிய பணி; அதைக் குறைகூற எவருக்கும் உரிமையில்லை. ஆனால் அழுகையின் நேர்மைக்கு அடுத்த படியொன்று உண்டு. பாரசீகத் தாயை எழுதிய ஈஸ்கிலஸின் படி அது. அங்கு ஏறியவர்கள் இரு கரையிலும் இருந்தார்கள், குறைவாக இருந்தார்கள்.

2019 ஏப்ரல் 21ஆம் திகதி மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தபோது கேள்வி நம் வாசலுக்கே வந்தது. அந்தக் காலையில் இறந்தவர்களில் பிள்ளைகளும் இருந்தார்கள். அதைச் செய்தவர்கள் நமது பெயர்களைச் சூடியவர்கள். அதன் பின் நமது சமூகம் பட்ட அவமதிப்புகளும் கைதுகளும் உண்மையானவை. அவற்றை எழுதினோம், எழுதத்தான் வேண்டும். ஆயினும் நாம் எழுதியதில் எவ்வளவு பங்கு நம்மைக் காப்பதற்காக, எவ்வளவு பங்கு அந்தப் பிள்ளைகளுக்காக என்று ஒவ்வோர் எழுத்தாளரும் தனியே கணக்குப் பார்த்துக்கொள்வது நல்லது. எனது கணக்கை நான் பார்த்தேன். அது எனக்கு ஆறுதல் தரவில்லை.

அறவியல் என்பது அடுத்தவனின் குற்றப்பட்டியலைத் தயாரிக்கும் கலை அன்று. சொந்தச் சபையில் எழுந்து நிற்பதுதான் அதன் தொடக்கம். விகர்ணன் எதிரணிக்கு மாறிவிடவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். போரில் அவன் அண்ணனின் பக்கமே நின்றான். வீமனின் கையால் இறந்தான். கொன்ற வீமனே அவனுக்காக இரங்கினான். தன் மக்களை விட்டுப் போகாமலும் அவர்களின் அநீதிக்கு ஆமாம் போடாமலும் இருக்க முடியும் என்பதற்கு அவன் ஓர் உதாரணம். சோக்கிரட்டீஸும் சிறையிலிருந்து தப்பிப்போக வழியிருந்தும் தன் நகரத்தை விட்டுப் போகாதவர்.

கர்ணனுக்கும் நீதி செய்துவிட வேண்டும். போருக்கு முன்னர், அன்று பாண்டவரை நோக்கிச் சொன்ன கொடுஞ்சொற்களுக்காக வருந்துவதாக அவன் கண்ணனிடம் ஒப்புக்கொள்கிறான். நன்றியறிதல் அவனிடம் கேள்வி இல்லாமல் இருந்தது. கேள்வி வந்தபோது காலம் கடந்துவிட்டது. வாப்பா அவனுக்காகக் கலங்கியது தவறென்று நான் எண்ணவில்லை. அந்தக் கண்ணீரில் சிறு பங்கு விகர்ணனுக்கும் கிடைத்திருக்கலாம் என்பதே என் ஆதங்கம்.

மட்டக்களப்பில் ஆற்றலுள்ள அண்ணாவிமார் இன்றும் இருக்கிறார்கள். புதிய கூத்துகள் எழுதப்படுகின்றன. அவர்களில் எவரேனும் விகர்ணனைத் தலைவனாக்கி ஒரு வடமோடி எழுதினால், பழுகாமத்துக் களரியில் அது ஆடப்பட்டால், பாலம் கடந்து போய் அதன் ஓரத்தில் நானும் ஒரு சாக்கை விரிப்பேன். கொலுவில் எல்லோரும் அமர்ந்திருக்க, மத்தளம் ஓய்ந்த ஒரு கணத்தில், தம்பி ஒருவன் எழுந்து நிற்கும் அந்த இடத்தை விடிவதற்குள் பார்த்துவிட வேண்டும்.